மூடியில் கரண்டி வைத்த டப்பா

எங்கள் வீட்டில் அந்தச் சங்கதிக்குப் பெயரே கிடையாது. "உள்ளே போயிருக்காங்க" என்றால் புரிந்துகொள்ள வேண்டும். அப்படி ஆக்கி வைத்தவன் நான்தான். பிள்ளைகள் சிறுசாக இருந்தபோது, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கையில் ஒன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு "ம்மா, ரெண்டுக்கு வருது" என்று சொல்லிவிட்டால் போதும், கையை உதறிவிட்டு எழுந்துவிடுவேன். அன்றைக்குப் பிள்ளைக்கும் ஏச்சு, பெற்றவளுக்கும் ஏச்சு. சவூதியிலிருந்து லீவில் வந்து போகிற ஆள் என்பதால் வீட்டில் என்னை எப்போதும் புது மாப்பிள்ளை போலவே வைத்திருந்தார்கள். நானும் அப்படியே முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது சவூதி போதும் என்று வந்து தென்காசி பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். ஊரார் காலையெல்லாம் பிடித்துச் செருப்பு மாட்டிவிடுகிறேன். அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

வயிற்றெரிச்சல் சவூதியிலேயே தொடங்கியது. நேரங்கெட்ட நேரத்தில் ஆறிப்போன குப்பூஸ் ரொட்டி, மேலே ஒரு கேஸ் மாத்திரை. எங்கள் ஆட்கள் ஊருக்கு வரும்போது சென்ட், தைலம், பாதாமோடு இந்த மாத்திரையையும் அட்டை அட்டையாகக் கொண்டுவருவார்கள். கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் கிள்ளிக் கொடுப்போம். என் வீட்டு அலமாரியிலும் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தது. காலையில் ஒன்று விழுங்கினால் அன்றைய பொழுது ஓடிவிடும். ஆனால் இந்த வருஷம் குற்றாலச் சாரல் தொடங்கியபோது மாத்திரைக்கும் எரிச்சல் அடங்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. என் வாப்பா வயிற்று நோயில்தான் மவுத்தானார். நான் அப்போது சவூதியில் இருந்தேன். போனில் 'வயித்துப் புண்ணு' என்று மட்டும் சொன்னார்கள். கடைசி வரைக்கும் அவர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லையாம்.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது வெறும் கேஸ் இல்ல சார். வயித்துக்குள்ள ஹெச் பைலோரின்னு ஒரு கிருமி இருக்கும். அது புண்ணு உண்டாக்கும், வருஷக்கணக்கா விட்டா சில பேருக்குப் பெரிய வியாதியில கொண்டு விட்டுரும்" என்றார். வாயில் குழாய் விடுவார்களே, அது என் கண் முன்னால் வந்து நின்றது. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போல. "இப்ப குழாயெல்லாம் வேண்டாம். மலத்துல ஒரு டெஸ்ட் இருக்கு. அந்தக் கிருமி இருந்தா அதுலயே தெரிஞ்சிரும்" என்றார்.

குழாயே தேவலாம் என்று நினைத்தேன்.

"மலம் கறுப்பாப் போகுதா? தார் மாதிரி? அப்படின்னா உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். அப்படி இருந்தா இந்த டெஸ்ட்டுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது."

மகள் வயதுப் பெண் இதைக் கேட்டால் நான் என்ன செய்வேன்? "இல்ல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். உண்மையில் எனக்குத் தெரியாது. என் ஆயுசில் ஒருநாளும் நான் திரும்பிப் பார்த்ததில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிற ஆள் நான்.

டெஸ்ட்டுக்கு முன்னால் ரெண்டு வாரம் கேஸ் மாத்திரையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும் என்றார் டாக்டர். நிறுத்தினேன். அந்த ரெண்டு வாரமும் வயிற்றுக்குள் அடுப்பு எரிந்தது. கஞ்சியும் மோருமாகக் காலம் தள்ளினேன். இதற்கிடையில் சீசன் என்று என் கொழுந்தியாள் குடும்பம் புளியங்குடியிலிருந்து வந்து இறங்கியது. சகலைக்கு எலுமிச்சை கமிஷன் மண்டி. சாக்கு நிறையப் பழத்தோடு வந்தவர், என்னைப் பார்க்கிற போதெல்லாம், "வயிறு சரியில்லையா? ஜூஸ் குடிங்க சகல, பறந்துரும்" என்று ஒரு கிளாஸை நீட்டினார். மரியாதைக்குக் குடித்துவிட்டு மாடியில் போய்ச் சுருண்டு கிடந்தேன்.

"மாத்திரை போடலையா?" என்று வீட்டுக்காரி கேட்டாள்.

"டாக்டர் வேண்டாம்னாங்க."

"ஏனாம்?"

"எல்லாத்தையும் ஒங்கிட்ட விளக்கணுமா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ரெண்டு வாரம் கழிந்து லேப்புக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என் கடையில் செருப்பு வாங்குகிறவள். சீட்டைப் பார்த்தாள். "அண்ணாச்சி, மோஷன் டெஸ்ட்டா!" என்றாள், பஸ்ஸில் ஊர் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஒரு சின்ன டப்பாவைத் தந்தாள். மூடியின் உட்பக்கத்தில் குட்டிக் கரண்டி ஒன்று ஒட்டியிருந்தது. ஐஸ்கிரீம் தின்னக் கொடுக்கிற கரண்டியை விடக் கொஞ்சம் சின்னது. "தண்ணி படாம, யூரின் கலக்காம எடுங்க. எடுத்ததும் கொண்டாந்துருங்க, லேட் பண்ணக் கூடாது" என்றாள். தலையாட்டிக்கொண்டே வாசலைத் தாண்டிவிட்டேன்.

எங்கே போய் எடுப்பது? வீட்டில் ஒரே கக்கூஸ், வாசலில் எப்போதும் கொழுந்தியாள் பிள்ளைகள் வரிசை. கடையில் அந்த வசதி கிடையாது. பள்ளிவாசலுக்குப் போகலாம், ஆனால் இந்த டப்பாவோடு அங்கே நுழைய மனசு ஒப்பவில்லை. யோசித்து யோசித்து, உலகத்தில் எந்த மடையனும் செய்யாத காரியத்தைச் செய்தேன். குற்றாலத்தில் போய் லாட்ஜில் ரூம் கேட்டேன்.

"எத்தனை பேரு?" என்றார் மானேஜர்.

"நான் ஒருத்தன்தான்."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு மணி நேரம் போதும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கையில் ஒரு செருப்புப் பெட்டியைத் தவிர வேறு சாமான் இல்லை, தோளில் துண்டு இல்லை, அருவிக்கு வந்த ஆள் மாதிரியும் இல்லை. நரைத்த தாடி வேறு. "அண்ணாச்சி, இது குடும்பத்தோட வந்து தங்குத இடம். இங்கன அந்த மாதிரி சோலியெல்லாம் கிடையாது" என்றார். காது ரெண்டும் கொதித்தது. கோபம் வந்தால் கத்துகிற ஆள்தான் நான். அன்றைக்குக் கத்த வாய் வரவில்லை. என்ன சொல்லிக் கத்துவது? முழு நாள் வாடகையைக் கொடுத்து, ஆதார் நகலையும் கொடுத்து, சாவியை வாங்கிக்கொண்டு படியேறினேன். அவர் பார்வை முதுகில் ஊர்ந்துகொண்டே வந்தது.

உள்ளே போய்ப் பேப்பரை விரித்து, டப்பாவைத் திறந்து வைத்து, எல்லாம் கூடிவருகிற சமயத்தில் கதவை யாரோ தட்டினார்கள்.

"அண்ணாச்சி, எண்ணெய் தேய்க்கணுமா? மூலிகை எண்ணெய், ஒடம்பு வலியெல்லாம் ஓடிரும்."

"வேண்டாம்."

"கொறைச்சுத் தாரேன் அண்ணாச்சி."

"வேண்டாம்னு சொல்லுதேன்ல! போலே!"

அவர் போனார். அவரோடு எனக்கு வந்ததும் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது, அருவிக்குப் போகிறவர்களின் கூச்சல் கேட்டது. ஊரே குளிக்க வந்த இடத்தில் நான் மட்டும் குந்திக் காத்திருந்தேன். ஒருவழியாகக் காரியம் முடிந்தது. கரண்டியால் எடுத்த போதும் கண்ணை முக்கால்வாசி மூடித்தான் எடுத்தேன். மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பை ரெண்டு சுற்றி, கடையிலிருந்து கொண்டுபோன செருப்புப் பெட்டிக்குள் வைத்தேன். செருப்புக் கடைக்காரன் கையில் செருப்புப் பெட்டி இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே ஒரு பெருமை.

லாட்ஜ் வாசலில் சகலை நின்றார். தலையில் ஈரத் துண்டு, ரெண்டு பக்கமும் பிள்ளைகள்.

"சகல! இங்கன எங்க?"

"கஸ்டமர் ஒருத்தருக்குச் செருப்பு குடுக்க வந்தேன்."

"குடுக்கலையா? கையிலயே இருக்கு?"

"சைஸ் பத்தல. திருப்பி எடுத்துட்டுப் போறேன்."

"எந்த மாடல்? எனக்கும் ஒண்ணு வேணும், காட்டுங்க பாப்போம்" என்று பெட்டிக்குக் கையை நீட்டினார்.

"லேடீஸ்!" என்று அலறினேன். "லேடீஸ் செருப்பு!"

சகலையின் கை அந்தரத்தில் நின்றது. அவர் லாட்ஜைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, "சரி, வாரோம்" என்று நடந்துவிட்டார். சொன்ன பொய்யின் லட்சணம் எனக்குப் பைக்கை எடுத்துக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய் என்னத்தைச் சொல்ல? உள்ளே இருப்பது செருப்பு இல்லை என்றா?

ரிசல்ட் வந்தது. கிருமி இருந்தது. டாக்டர் ரெண்டு வாரத்துக்கு வேளைக்கு ஒரு பிடி மாத்திரை எழுதினார். எல்லாம் முடித்து ஒரு மாதத்துக்கு மேல் விட்டு, கிருமி போய்விட்டதா என்று பார்க்க மறுபடியும் அதே டப்பாவாம். பிறகு, "இது வீட்டுக்குள்ள ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்கு வர்றதுதான். உங்ககூடச் சாப்பிடுறவங்க யாருக்காவது வயித்துக் கோளாறு இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

"கேட்டுப் பாருங்க."

ஒரே தட்டில் சாப்பிடுவது எங்கள் வழக்கம். கல்யாண வீட்டில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவோம். சகன் என்போம். நிக்காஹ் அன்று பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரு தட்டில்தான் உண்ண வைப்பார்கள். நானும் இவளும் அதை விடவே இல்லை. மாமியார் வீட்டுச் சீரில் வந்த எவர்சில்வர் தட்டு, விளிம்பில் எங்கள் ரெண்டு பேர் பெயரையும் வெட்டியது. நான் சவூதியில் இருக்கிற வருஷமெல்லாம் அது பரணில் கிடக்கும். வந்து இறங்குகிற அன்றைக்கு எடுத்துத் தேய்த்து வைப்பாள். நிரந்தரமாக வந்த பிறகு தினமும் அந்தத் தட்டுதான். நான் மீனைப் பிய்த்து அவள் பக்கம் தள்ளுவேன், அவள் முள்ளை எடுத்துவிட்டு என் பக்கம் திருப்பித் தள்ளுவாள்.

அவளிடம் என்னவென்று கேட்பது? டெஸ்ட் என்றால் என்ன டெஸ்ட் என்பாள். எதில் எடுத்தார்கள் என்பாள். லாட்ஜ் வரைக்கும் போகும். வீட்டுக்குப் போகிற வழியில் பாத்திரக் கடையில் இறங்கி எனக்கென்று ஒரு தட்டும் தம்ளரும் வாங்கினேன். அன்று மத்தியானம் அவள் வழக்கம் போலப் பெயர் வெட்டிய தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். நான் ஏற்கனவே புதுத் தட்டில் போட்டு உண்டுகொண்டிருந்தேன்.

"இது எதுக்கு?" என்றாள்.

"இனிமே இப்படித்தான்" என்றேன்.

அவள் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன். தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். சாப்பிட்ட தட்டை நானே கழுவினேன், தம்ளரை அலமாரியில் தனியாக வைத்தேன். அவளுக்குத் தொற்றிவிடக் கூடாது என்றுதான் செய்தேன். அதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்காதது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

விருந்தாட்கள் போய்விட்டார்கள். வீடு அமைதியானது, அவளும் அமைதியானாள். மெலிந்த மாதிரி இருந்தது. படியேறினால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விருந்தாட்களுக்குச் செய்த அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

என் மாத்திரைகள் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து பழைய பிஸ்கட் டின்னை எடுத்தேன். மறுபடி டெஸ்ட் முடிகிற வரைக்கும் கேஸ் மாத்திரை கூடாது. கண்ணில் படாமல் கடைக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று எண்ணம். டின் காலி. மூலையில் வெறும் அட்டை ரெண்டு கிடந்தது.

"ஏட்டி! இந்த டின்னுல கை வச்சது யாரு? ஒந் தங்கச்சி மாப்பிள்ளைக்குத் தூக்கிக் குடுத்தியா?" என்று அங்கிருந்தே கத்தினேன்.

அடுப்படியிலிருந்து, "நாந்தான் போட்டேன்" என்று குரல் வந்தது.

போனேன். அவள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்குப் போட்ட?"

"வயிறு எரியுது. நோம்புக்கு முந்தியே இருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "எரிச்சல் மட்டும் இல்லங்க" என்றாள். உரித்த தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "கறுப்பாப் போகுது."

டாக்டரின் அறைச் சுவர் அப்படியே என் கண்ணில் வந்தது. தார் மாதிரி என்று அந்தப் பெண் கேட்டபோது நான் பார்த்துக்கொண்டிருந்த சுவர்.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா."

"வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? சொல்ல வேண்டியதுதான?"

"எப்படிச் சொல்ல? பிள்ளைக ரெண்டுக்கு வருதுன்னாலே சோத்துல இருந்து எந்திரிச்சிருவீங்க. அவங்க இப்பவரைக்கும் ஒங்க முன்னாடி அதைச் சொல்ல மாட்டாங்க. நான் மட்டும் சொல்லிருவனா?" கண்ணைத் துடைத்தாள். வெங்காயக் கை, இன்னும் எரிந்தது. "லாட்ஜுல இருந்து லேடீஸ் செருப்போட வந்தீங்கன்னு தங்கச்சி சொன்னப்பகூட நான் ஒண்ணும் நினைக்கல. ஒங்களை எனக்குத் தெரியாதா? தட்டைப் பிரிச்சீங்க பாருங்க, அப்பதான். நான் சரியாத் தண்ணி ஊத்தாம வந்து, நீங்க எதையோ பாத்துட்டீங்கன்னு நினைச்சேன். அருவருத்துப் போச்சுன்னு நினைச்சேன்."

அவள் எதிரில் உட்கார்ந்தேன். "எனக்குத்தான்டி கிருமி. வயித்துல. மலத்தை டெஸ்ட் பண்ணிச் சொன்னாங்க. அதை எடுக்கத்தான் லாட்ஜுக்குப் போனேன்" என்றேன். அந்த வார்த்தையை என் வீட்டுக்குள் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அதுக்கா லாட்ஜு?" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்து முடிக்கத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்தாள்.

அப்படியே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். டாக்டர் அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே சோறு வடித்த கஞ்சி நிறம். "எத்தனை நாளா இப்படிப் போகுது? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? மயக்கம் வந்துச்சா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவளுக்குப் பேச மூச்சு வாங்கியது. ஒரே வீட்டில், ஒரே தட்டில் இருந்தவன், ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. "வீட்ல கேட்டுப் பாருங்கன்னு சொன்னேனே சார்" என்றார் டாக்டர். கடுமையாகச் சொல்லவில்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கே குழாய் விட்டார்கள். புண் இருந்தது, கசிந்துகொண்டிருந்தது. அடைத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். அதே கிருமி அவளுக்கும் இருந்தது. உங்களிடமிருந்து அவருக்கா, அவரிடமிருந்து உங்களுக்கா, யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை.

மறுநாள் நர்ஸ் வந்து, "ஒவ்வொரு தடவை போகும்போதும் என்ன நிறம்னு பார்த்துச் சொல்லுங்க. கறுப்பு கொறையுதான்னு பார்க்கணும்" என்றார். இவளுக்கு எழுந்தால் தலை சுற்றியது. கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்கார வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். முடிந்ததும் உள்ளே போனேன். குனிந்தேன்.

"வேண்டாங்க, பார்க்காதீங்க" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இழுக்கிற கையில் பலம் இல்லை.

பார்த்தேன். கடையில் பழுப்பு, டான், காப்பி பிரவுன் என்று தூரத்திலிருந்தே நிறம் பிரிக்கிறவன் நான். அவசரப்படாமல் பார்த்தேன். நல்ல கறுப்பு இல்லை. காப்பி பிரவுனுக்கு வந்துகொண்டிருந்தது. வெளியே வந்து, வார்டில் நாலு பேர் கேட்கவே நர்ஸிடம் அதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

திரும்பி வந்து தண்ணீரை ஊற்றினேன். அவளைக் கழுவிவிட்டு, கையைக் கழுவி, கட்டிலில் கொண்டுவந்து படுக்க வைத்தேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எழுப்பிக் கஞ்சி கொடுக்கலாம் என்று தம்ளரை எடுத்தபோது, முந்தானைக்குள்ளிருந்து கேட்டாள்.

"பாத்துட்டீங்கள்ல?"

"பாத்துட்டேன்."

"இனிமே எப்படிங்க எங்கூட ஒரே தட்டுல உக்காருவீங்க?"

தம்ளரோடு நின்றேன். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.